ஆசிரியர்கள் கூடினால் பாடத்தைப் பேசட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன இதழில், எல்லா நாட்டாருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று ஒருவர் உருவாக்கிய எஸ்பெராந்தோ மொழியின் ஆசிரியர்களுக்கான சர்வதேச சங்கத்தைப் பற்றி ஒரு சின்னக் குறிப்பு போட்டிருந்தீர்கள். யாருக்குமே தாய்மொழியாக இல்லாத மொழிக்கு ஆசிரியர் சங்கம் எதற்கு என்று அதில் கேட்டிருந்தது. முதலில் ஒரு திருத்தம். பெற்றோர் வீட்டில் பேசிப் பேசி, கைக்குழந்தையிலிருந்தே அந்த மொழியில் வளர்ந்தவர்கள் இருக்கிறார்கள், எண்ணிக்கை குறைவு, அவ்வளவுதான். ஆனால் நான் எழுதுவது அதற்காக இல்லை.

நீடாமங்கலம் பக்கத்திலும் அப்புறம் வலங்கைமான் பக்கத்திலுமாக 31 வருடம் அரசுப் பள்ளிகளில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகு எஸ்பெராந்தோவைக் கைபேசியிலேயே படிக்க ஆரம்பித்தேன். மூன்றாம் நாளே எழுந்த கேள்வி, நம் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு வாசலை யாரும் திறந்து காட்டவில்லையே என்பதுதான். எட்டாம் வகுப்பில் 'கோ' என்பதன் இறந்த காலம் ஏன் 'வென்ட்' என்று ஒரு பையன் கேட்டபோது, அப்படித்தான், மனப்பாடம் பண்ணு என்று சொன்னவன் நான், வேறு பதில் என்னிடம் இல்லை. எஸ்பெராந்தோவில் இராஸ், இரிஸ், இரோஸ். போகிறேன், போனேன், போவேன். எல்லா வினைச்சொல்லுக்கும் இதே விகுதிதான், விதிவிலக்கு கிடையாது. பெயர்ச்சொல் எல்லாம் ஓகாரத்தில் முடியும். 'லெர்னி' என்றால் கற்பது, 'லெர்னேயோ' என்றால் கற்கும் இடம், அதாவது பள்ளிக்கூடம். 'மல்சனுலேயோ' என்று ஒரு சொல் இருக்கிறது. சன் என்றால் நலம், மல் சேர்ந்தால் நலமின்மை, உல் சேர்ந்தால் நலமில்லாதவர், ஏய் சேர்ந்தால் அவர்கள் இருக்கும் இடம், கடைசியில் பெயர்ச்சொல்லுக்கான ஓ. ஆஸ்பத்திரி! பகுதி, விகுதி, இடைநிலை என்று பகுபத உறுப்பிலக்கணம் படித்த பிள்ளைக்கு இது வெளியூர்ச் சரக்காகவே தெரியாது.

சரி, சங்கத்துக்கு வருகிறேன். எஸ்பெராந்தோவை உருவாக்கிய கண் மருத்துவர் ஸாமென்ஹோஃப் 1887ல் வார்சாவில் அந்த மொழியின் முதல் புத்தகத்தை வெளியிட்டு 62 வருடம் கழித்து, 1949ல் இந்த ஆசிரியர் சங்கம் பிறந்தது. இலேய் என்று சுருக்கிச் சொல்கிறார்கள். இந்த மொழிக்கு நாடு இல்லை, அரசாணை இல்லை, சம்பளக் கமிஷன் இல்லை. நிறையப் பேர் வேறு வேலை பார்த்துக்கொண்டு மாலையில் காசு வாங்காமல் சொல்லிக்கொடுப்பவர்கள். அப்படிப்பட்டவர்கள் ஆண்டுக்கொரு முறை ஏதாவது ஒரு நாட்டில் கூடி, பாடத்தை எப்படி நடத்துவது என்று பேசுகிறார்கள். அதற்கென்றே கற்பித்தல் இதழ் ஒன்று நடத்துகிறார்கள். புதிதாகப் படிப்பவர்களுக்கு எளிய நடையில் 'யூனா அமீகோ', அதாவது 'இளம் நண்பன்', என்று தனியாக ஒன்று.

அவர்கள் கைமாற்றிக்கொண்டு வந்த முறைகளில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். இன்றைய ருமேனியாவில் இருக்கும் டிரான்சில்வேனியாவில் அந்திரேயோ சே என்று ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். 1920ல் எஸ்பெராந்தோ படிக்க அவர் முன்னால் வந்து உட்கார்ந்தவர்கள் ருமேனிய மொழி, ஹங்கேரிய மொழி, ஜெர்மன் என்று வேறு வேறு மொழிக்காரர்கள். யாருடைய மொழியில் விளக்குவது? எதிலும் விளக்கவில்லை. கையில் புத்தகமும் இல்லை. பொருளைக் காட்டிக் கேள்வி கேட்பார், வகுப்பு முழுக்கச் சேர்ந்து பதில் சொல்லும், சிரிக்கச் சிரிக்கப் பாடம் நகரும். இதைப் படித்தபோது எனக்குத் தரங்கம்பாடிதான் ஞாபகம் வந்தது. 1706ல் கப்பலில் வந்து இறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்க், திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து விரலால் அ, ஆ எழுதித் தமிழ் படித்த மண் நம்முடையது.

இங்கே என்ன நடக்கிறது? சி.ஆர்.சி. கூட்டத்துக்கு, அதாவது சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்களுக்கு நடக்கும் பயிற்சிக் கூட்டத்துக்கு, எத்தனையோ தடவை போயிருக்கிறேன். மேலிருந்து வந்த கட்டகத்தை ஒருவர் வாசிப்பார், நாங்கள் குறித்துக்கொள்வோம், கையெழுத்து, டீ, மாலை பஸ். எங்கள் சங்கங்களில் இடமாறுதல், பதவி உயர்வு, ஓய்வூதியம் எல்லாம் பேசுவோம், பேசத்தான் வேண்டும், அவை வயிற்றுப்பாடு. ஆனால் மெதுவாகப் படிக்கும் பிள்ளைக்கு ஒரு வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்ல வைப்பது எப்படி என்று பக்கத்து ஊர் ஆசிரியரிடம் உட்கார்ந்து கேட்க எனக்கு 31 வருடத்தில் ஓர் இடம் கிடைக்கவில்லை. நான் தட்டுத் தடுமாறிக் கண்டுபிடித்த நாலு உத்திகளும் என் நோட்டுப் புத்தகத்தோடு வீட்டுப் பரணில் கிடக்கின்றன. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

தமிழே பிள்ளைகளுக்குத் தகராறாக இருக்கிறது, இதில் எஸ்பெராந்தோ வேறா என்று என் நண்பரே கேட்டார். பள்ளியில் அதைப் பாடமாக வையுங்கள் என்று நான் சொல்லவே இல்லை. அவர்களைப் போலக் கூடுங்கள் என்கிறேன். திருவாரூர், மயிலாடுதுறை, தஞ்சாவூர் எங்கிருந்தும் கும்பகோணத்துக்கு பஸ் இருக்கிறது. தமிழோ ஆங்கிலமோ, மொழிப்பாடம் நடத்துகிற பத்துப் பேர் மாதம் ஒரு சனிக்கிழமை வந்தால் போதும். ஆளுக்கொரு பாடம் பத்து நிமிடம் நடத்திக் காட்ட வேண்டும், மற்றவர்கள் பிள்ளைகளாக உட்கார்ந்து கேட்க வேண்டும். பேச்சாளர், மாலை, பொன்னாடை எதுவும் வேண்டாம். இடம் நான் பார்த்துவிட்டேன், என் பழைய மாணவர் ஒருவர் தன் டியூஷன் கூடத்தைத் தருகிறேன் என்றிருக்கிறார், பாய் விரித்தால் இருபது பேர் உட்காரலாம்.

இந்தக் கடிதத்தைப் போட்டால், வர விரும்புகிறவர்கள் உங்கள் அலுவலகத்துக்கு ஒரு அஞ்சலட்டை எழுதட்டும், என் முகவரி உங்களிடம் இருக்கிறது, அனுப்பிவையுங்கள். குறுவை அறுப்பு முடிந்ததும் முதல் கூட்டத்தை வைத்துவிடலாம் என்று நினைக்கிறேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்,
வலங்கைமான்