கடலைச் சூடாக்கியது யார்?

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். பள்ளி திறந்த மூன்றாம் நாள், ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி கைக்குட்டையில் ஒரு வெள்ளைக் கல்லைச் சுற்றிக் கொண்டுவந்தாள். தூத்துக்குடியில் ஆச்சியின் பழைய வீட்டுச் சுவரை இடித்தபோது விழுந்ததாம். உள்ளங்கை அளவுதான். உற்றுப் பார்த்தால் நூற்றுக்கணக்கான சின்னக் குழிகள், குழிக்குள் பூவிதழ் மாதிரி மெல்லிய தடுப்புகள். ஒவ்வொரு குழியிலும் ஒரு சிறு உயிர் குடியிருந்திருக்கிறது. அது பவளக்கல்.

தாராவியில் இருக்கும் நம் குடும்பங்களில் பலருக்கு ஊர் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம். வீடு கட்டவும் சுண்ணாம்புக்கும் அந்தக் கடலிலிருந்து பவளக்கல்லை வெட்டியெடுத்ததை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். இன்று அது சட்டப்படி குற்றம். ஆனாலும் மன்னார் வளைகுடாவில் 2010லும் 2016லும் பவளப்பாறைகள் வெளுத்தன. 2024 ஏப்ரலில், உலக அளவில் நான்காவது முறையாகப் பவளம் வெளுத்து வருவதாக விஞ்ஞானிகள் அறிவித்தார்கள்.

பவள உயிரியின் உடலுக்குள் நுண்ணிய பாசி வாழ்கிறது. நிறம் தருவதும், சாப்பாட்டில் பெரும்பங்கைத் தருவதும் அதுதான். கடல்நீரின் சூடு கோடையின் வழக்கமான உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடி, சில வாரம் அப்படியே நின்றால் போதும், பவளம் அந்தப் பாசியை வெளியேற்றி வெளுத்துவிடுகிறது. உடனே சாவதில்லை, பட்டினி கிடக்கிறது. சூடு தணிந்தால் பிழைக்கும்.

இதைச் சொன்னதும் அந்தப் பிள்ளை கேட்டாள்: "அப்போ கடலைச் சூடாக்கினது யாரு டீச்சர்?" பின்பெஞ்சிலிருந்து ஒரு பையன், "அதெல்லாம் இயற்கைன்னு எங்கப்பா சொன்னாரு" என்றான். இந்தக் கடிதம் எழுதக் காரணம் அதுதான்.

தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். நிலக்கரியும் பெட்ரோலும் டீசலும் எரித்து எரித்து, காற்றில் பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்த கரியமில வாயுவை 420க்கு மேல் கொண்டுபோனது மனிதர்கள். அதனால் கூடிய வெப்பத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் கடல்தான் வாங்கிக்கொண்டது. பிள்ளை கேட்டால், பெரியவர்கள் செய்தது என்றே சொல்லுங்கள்.

அதற்காகப் பழியை நம் பிள்ளைகள் தலையில் ஏற்றவும் வேண்டாம். பத்துக்குப் பத்து அறையில் ஒரே ஃபேனில் ஐந்து பேர் தூங்கும் வீட்டுக்கும், அறைக்கு ஒரு ஏசி ஓடும் வீட்டுக்கும் பங்கு ஒன்றல்ல. அந்தக் கணக்கையும் சேர்த்துச் சொன்னால்தான் பதில் நேர்மையாக இருக்கும். ஏழாம் வகுப்புக்கு அது புரியும்.

சரி, ஒரு வேலை. இந்த வாரம் ஊருக்கு போன் பேசும்போது, தாத்தாவோ ஆச்சியோ சின்ன வயதில் பார்த்த கடல் எப்படி இருந்தது என்று பிள்ளையையே கேட்கச் சொல்லுங்கள். கேட்டதை ஒரு பக்கம் எழுதி வெள்ளிக்கிழமை கொண்டுவரட்டும். கல் சனிக்கிழமை வரை என் மேசைமேல் இருக்கும். பிள்ளையை விட வரும்போது வந்து கையில் எடுத்துப் பாருங்கள். அப்புறம் அது ஆச்சி வீட்டுக்கே திரும்பிப் போகிறது.

அன்புடன்,
தலைமையாசிரியை