ஒப்பந்தத்தில் மூன்று பெயர்களையும் எழுதுங்கள்

பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டி, பெருங்குடி முதல் சிறுசேரி வரை அடுக்குமாடிகளில் வீடு வாங்கி, அதைத் திருமணமாகாத இளைஞர்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கும் உரிமையாளர்களுக்கு,

வணக்கம். 'பேச்சிலர்களுக்கு வீடு இல்லை' என்று சொல்லிக் கதவைச் சாத்துகிறவர்களுக்கு இந்த மடல் இல்லை. சாப்பாடு சைவமா அசைவமா என்பதில் தொடங்கி, ஊர் எது, அப்பாவுக்கு என்ன வேலை என்று சுற்றி வளைத்துச் சாதியை விசாரிக்கிறவர்களோடு பேச வேறு நாள் இருக்கிறது. நீங்கள் எங்களுக்கு வீடு தருகிறீர்கள். ஏன் தருகிறீர்கள் என்பதும் எங்களுக்குத் தெரியும். ஒரு குடும்பம் தரத் தயங்கும் வாடகையை, மூன்று சம்பளங்கள் பங்கு போட்டுத் தயங்காமல் கொடுத்துவிடும். அதில் எனக்கு வருத்தமில்லை. வங்கிக் கடனுக்கு மாதத் தவணை கட்டுகிறவர்கள் நீங்கள். வாடகையைக் குறையுங்கள் என்று கேட்க வரவில்லை. மூன்று பேரிடம் பணம் வாங்குகிறீர்கள். ஒப்பந்தத்திலும் மூன்று பேரின் பெயரை எழுதுங்கள் என்று கேட்கிறேன்.

இப்போது என்ன நடக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். மூன்று பெண்கள் வீடு பார்க்க வருகிறோம். மூவரிடமும் ஆதார் நகல் வாங்குகிறீர்கள். எந்த நிறுவனம், எந்த ஷிப்ட் என்று மூவரையும் கேட்கிறீர்கள். கடைசியில் புரோக்கர் கொண்டுவரும் பதினோரு மாத ஒப்பந்தத்தில் மட்டும் ஒருத்தியின் பெயர்தான் இருக்கிறது. கேட்டால், "யாராவது ஒருத்தர் பொறுப்பா இருக்கட்டும்மா" என்கிறீர்கள். மற்ற இருவரும் அந்தத் தாளின்படி அந்த வீட்டில் இல்லவே இல்லை.

இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். அட்வான்ஸிலிருந்து தொடங்குகிறேன்.

முப்பதாயிரம் வாடகை, ஒன்றரை லட்சம் அட்வான்ஸ் என்று வைத்துக்கொள்வோம். மூவரும் ஆளுக்கு ஐம்பதாயிரம் போடுகிறார்கள். ஒரு வருடத்தில் ஒருத்திக்குப் புனேயில் வேலை கிடைக்கிறது. அவளுடைய ஐம்பதாயிரத்தை நீங்கள் திருப்பித் தருவதில்லை. 'மொத்தமாகக் காலி செய்யும்போது பார்த்துக்கொள்ளலாம்' என்பது உங்கள் வழக்கம். அதனால் போகிறவள், வருகிறவளைத் தேடிப் பிடிக்கிறாள். புதியவள் ஐம்பதாயிரத்தைப் போகிறவளின் கணக்குக்கு அனுப்புகிறாள். உங்களிடம் ரசீதும் கிடையாது, எங்கும் பதிவும் கிடையாது. அடுத்து இரண்டாமவளுக்குத் திருமணம். மறுபடியும் அதே கைமாற்றல். மூன்றாம் வருடத்தில் ஒப்பந்தத்தில் பெயர் இருக்கும் பெண்ணும் கிளம்பிவிடுகிறாள். இப்போது வீட்டில் இருக்கும் மூவருமே நீங்கள் ஒப்பந்தம் போடாதவர்கள். வீட்டைக் காலி செய்யும் நாளில், "நான் பணம் வாங்கியது அந்தப் பெண்ணிடம், அவள் கணக்குக்குத்தான் அனுப்புவேன்" என்கிறீர்கள். சட்டப்படி நீங்கள் சொல்வது சரியாகக்கூட இருக்கலாம். அந்தப் பெண் இப்போது டல்லாஸிலோ டப்ளினிலோ இருக்கிறாள். அவளுடைய சென்னை வங்கிக் கணக்கு உயிரோடு இருக்கிறதா என்பது அவளுக்கே நினைவிருக்காது.

இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. காலி செய்யும்போது 'பெயின்டிங்' என்று ஒரு மாத வாடகையைக் கழிக்கிறீர்கள் அல்லவா, அது கடைசியாக இருந்த மூவரின் தலையில் விழுகிறது. கூடத்துச் சுவரில் ஆணி அடித்தவள் யார், சமையலறைச் சுவரில் எண்ணெய்க் கறை படியவிட்டவள் யார் என்பது அவர்களுக்குத் தெரியாது. முகம் பார்த்திராத யாரோ விட்டுப்போன கறைக்கு ஆளுக்குப் பத்தாயிரம் கட்டுகிறார்கள். போகிற போக்கில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தில் பராமரிப்பு வேலைகளைப் பிரித்துக் காட்டும் ஓர் அட்டவணை இருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொள்ளாத வரை, சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னல்களுக்குப் பெயின்ட் அடிப்பதும் அதில் உரிமையாளரின் பக்கத்தில்தான் இருக்கின்றன. குழாய் வாஷர், சுவிட்ச், தாழ்ப்பாள் போன்றவை எங்கள் பக்கம். அவற்றை நாங்கள் மாற்றிக்கொண்டுதான் இருக்கிறோம்.

அந்தச் சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். 1960ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நீக்கிவிட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. வாடகைக்கு விடுவதென்றால் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. அதற்காகத் துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அலுவலர்கள் நியமிக்கப்பட்டிருக்கிறார்கள். இணையத்திலேயே விண்ணப்பிக்கவும் வழி இருக்கிறது. வேறு விதமாக ஒப்புக்கொண்டாலொழிய அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. இப்படி ஒரு சட்டம் இருந்தும், பதினோரு மாதத்துக்கு எழுதினால் பதிவே வேண்டாம் என்று புரோக்கர்கள் இன்னும் சொல்கிறார்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்குத்தான் பத்திரப்பதிவு கட்டாயம் என்ற 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் ஓட்டையிலிருந்து பிறந்த பழக்கம் அது. புதிய சட்டத்தின் பதிவு வேறு, பதினோரு மாதம் என்று எழுதுவதால் அதிலிருந்து தப்பிவிட முடியாது.

'உள்வாடகை' என்ற சொல்லைக் கேட்டாலே உங்களுக்குக் கோபம் வருகிறது. உங்கள் வீட்டை வைத்து யாரோ வியாபாரம் செய்வதாக நினைக்கிறீர்கள். எங்கள் வேலையின் தன்மையைக் கொஞ்சம் பாருங்கள். ஒருத்தியை நான்கு மாதத்துக்கு ஆன்சைட், அதாவது வெளிநாட்டு வாடிக்கையாளரின் இடத்திலேயே இருந்து வேலை பார்க்க, அனுப்புகிறார்கள். திரும்பி வந்ததும் அவளுக்கு இதே அறை வேண்டும். நான்கு மாத வாடகையைச் சும்மா கட்ட முடியாது. அந்த இடைவெளியில், புதிதாக வேலைக்குச் சேர்ந்து விடுதியில் அவதிப்படும் ஒரு பெண் வந்து தங்கினால் இருவருக்கும் நல்லது, உங்களுக்கும் வாடகை தவறாது. ஆனால் உங்களிடம் சொன்னால் மறுத்துவிடுவீர்கள் என்று பயந்து, "சித்தி மகள் வந்திருக்கிறாள்" என்று வாட்ச்மேனிடம் பொய் சொல்கிறார்கள். இந்தச் சாலையில் இருக்கும் அடுக்குமாடிகளில் எத்தனை சித்தி மகள்கள்! சட்டம் இதைத் தடை செய்யவில்லை. உரிமையாளரோடு ஒரு துணை ஒப்பந்தம் போட்டுக்கொண்டு செய்யுங்கள் என்கிறது. உங்களுக்குத் தெரியாமல் ஆளை வைத்தால் காலி செய்யச் சொல்ல அதையே ஒரு காரணமாகவும் ஏற்கிறது. நீங்கள் ஒரு பக்கத் தாளில் கையெழுத்துப் போடச் சம்மதித்தால், வீட்டில் இருப்பது யார் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

எங்கள் பக்கத்தில் அநியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரே ஒரு பெயர் எழுதும் வழக்கம், அந்தப் பெயருக்குச் சொந்தக்காரியைக் குட்டி உரிமையாளராக்கிவிடுகிறது. பால்கனியோடு இருக்கும் பெரிய அறை அவளுக்கு. மொத்த வாடகை முப்பதாயிரம் என்பதை மறைத்து, புதிதாக வருகிறவர்களிடம் ஆளுக்குப் பதின்மூன்றாயிரம் வாங்கிக்கொண்டு, தான் நாலாயிரத்தில் காலத்தை ஓட்டுகிறவர்களை எனக்குத் தெரியும். பிடிக்கவில்லை என்றால் பெட்டியை எடுத்துக்கொண்டு போ என்று இரவு பத்து மணிக்குச் சொல்லும் துணிச்சலும் அந்த ஒற்றைக் கையெழுத்திலிருந்துதான் வருகிறது. போகச் சொல்லப்பட்டவள் யாரிடம் முறையிடுவாள்? அவளிடம் இருப்பதெல்லாம் மாதாமாதம் பணம் அனுப்பியதைக் காட்டும் கைபேசித் திரை மட்டும்தான்.

பெயர் இல்லாதவளுக்கு வேறு சிக்கல்களும் உண்டு. ஆதாரில் முகவரி மாற்ற முடியாது. சமையல் எரிவாயு இணைப்பு கேட்க முடியாது. பாஸ்போர்ட் விசாரணைக்குப் போலீஸ்காரர் வந்தால் வீட்டுக்குச் சான்று இல்லை. பழைய வருமான வரிமுறையில் இருப்பவள், சம்பளத்தில் வரும் வீட்டு வாடகைப் படிக்கு வரிவிலக்குப் பெற ரசீது கேட்டால் உங்கள் முகம் மாறுகிறது. ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் உங்கள் பான் எண்ணைத் தர வேண்டும் என்பதுதான் காரணம் என்று எங்களுக்குத் தெரியாமலில்லை. வாடகை வருமானத்தைக் கணக்கில் காட்டாமல் இருப்பது உங்களுக்கும் வருமான வரித் துறைக்கும் இடையில் உள்ள விஷயம். அதற்காக நாங்கள் முகவரி இல்லாதவர்களாக இருக்க முடியாது.

உங்கள் தயக்கங்களும் எனக்குப் புரிகின்றன. மூன்று பேர் கையெழுத்துப் போட்டால் வாடகை பாக்கிக்கு யாரைப் பிடிப்பது என்று கேட்கிறீர்கள். 'மூவரும் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு' என்று ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும், எவரிடமும் முழு பாக்கியையும் கேட்கலாம். பத்திர எழுத்தர் எவருக்கும் மனப்பாடமாகத் தெரிந்த வரி அது. இப்போது ஒருத்தி ஓடிவிட்டால் உங்களுக்கு யாருமில்லை. அப்போது இரண்டு பேர் மிச்சம் இருப்பார்கள். ஒவ்வொரு முறை ஆள் மாறும்போதும் புதிய ஒப்பந்தமா என்று அலுத்துக்கொள்ள வேண்டாம். போகிறவர் பெயரை நீக்கி, வருகிறவர் பெயரைச் சேர்த்து, அட்வான்ஸில் யார் பங்கு எவ்வளவு என்று குறிக்கும் ஒரு துணை ஒப்பந்தம் போதும். அந்தச் செலவை நாங்களே ஏற்கிறோம். அன்றைக்கு வீட்டைச் சுற்றிப் பார்த்து, கைபேசியில் நாலு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கறை யாருடையது என்ற வழக்கு அதோடு தீர்ந்தது. வருவதற்கு 24 மணி நேரம் முன்பாகச் சொல்லிவிட்டு வந்தால் சட்டமும் மகிழும், துணி காயப்போட்டிருக்கும் நாங்களும் மகிழ்வோம்.

காவல் துறையையும் நினைத்துப் பாருங்கள். 2012 பிப்ரவரியில், வங்கிக் கொள்ளையில் சந்தேகிக்கப்பட்ட ஐந்து பேர் வேளச்சேரியில் ஒரு வாடகை வீட்டில் போலீஸாரால் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து, வாடகைக்கு இருப்பவர்களின் விவரங்களைக் காவல் நிலையத்தில் தர வேண்டும் என்று சென்னையில் உத்தரவு வந்தது. மூன்று பேர் இருக்கும் வீட்டுக்கு ஒரு பெயரைக் கொடுத்தால் அது எப்படி விவரமாகும்?

குடியிருப்போர் சங்கத்தோடு நீங்கள் படும் பாடும் பாதி குறையும். லாரித் தண்ணீரை நம்பியிருக்கும் இந்தப் பகுதியில், கோடை வந்தால் முதலில் எங்களைத்தான் கைகாட்டுகிறார்கள். அந்த வீட்டில் ஏழு பேர் இருக்கிறார்கள், எட்டுப் பேர் இருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப் குழுவில் எழுதுகிறார்கள். ஒப்பந்தத்தில் மூன்று பெயர் இருந்தால், மூன்று என்று நீங்கள் ஆதாரத்தோடு பதில் சொல்லலாம். எங்களில் ஒருத்தியின் அப்பா ஊரிலிருந்து வந்தால் அவரை வாசலில் நிறுத்தி, 'பெயர் பட்டியலில் இல்லாத பெண்ணைப் பார்க்க வந்த ஆண்' என்று வாட்ச்மேன் பதிவேட்டில் எழுத வேண்டிய அவசியமும் இருக்காது.

ஏசி சண்டையை உங்களிடம் கொண்டுவர மாட்டோம். இரண்டு மாத மின் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டியதும் கீழ்ப் படியின் குறைந்த கட்டணமும் சேர்ந்து பறிபோகிறது. அது யாருடைய ஏசியால் என்பது எங்களுக்குள் பல வருடங்களாக நடக்கும் பஞ்சாயத்து. பாத்திரம் தேய்க்கும் முறையும் அப்படித்தான்.

எங்கள் வீட்டு ஒப்பந்தம் வரும் மாதம் முடிகிறது. மூன்று ஆதார் நகல்கள், மூன்று புகைப்படங்கள், அட்வான்ஸில் அவரவர் பங்கைக் குறித்த ஒரு தாள், எல்லாவற்றையும் எங்கள் உரிமையாளரிடம் கொடுத்திருக்கிறோம். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். உங்களில் யாராவது இப்படி மூவர் பெயரிலும் எழுதிக் கொடுத்திருந்தால், அதனால் உங்களுக்கு வந்த சிரமமோ நன்மையோ எதுவானாலும், உங்கள் சங்கக் கூட்டத்தில் மற்ற உரிமையாளர்களிடம் சொல்லுங்கள். நாங்கள் சொன்னால் அவர்கள் கேட்பதில்லை.

இப்படிக்கு,
துரைப்பாக்கத்தில் வாடகைக்கு இருக்கும் மூவரில், ஒப்பந்தத்தில் பெயர் இல்லாத ஒருத்தி