மலை ஏறும்போது அளந்து பாருங்கள்

மத்திய சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைகள் அமைச்சகத்தில் வாகனப் புகை விதிகளை வகுக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். சேலத்தில் கார் பட்டறை நடத்தி வருகிறேன். என்னிடம் வரும் வண்டிகளில் பாதி ஏற்காடு மலை ஏறி இறங்குபவை. புகை விதிகள் இன்னும் கடுமையாக வேண்டும் என்பவன் நான். ஆனால், என்ஜினைச் சுருக்கி, அதற்குள் கூடுதல் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவைப் பொருத்திவிட்டால் விதியை நிறைவேற்றியதாகிவிடும் என்ற நிலை சரியல்ல என்பதால் இதை எழுதுகிறேன்.

ஸ்போர்ட்ஸ் கார்களில் நடந்தது இதற்கு நல்ல சான்று. ஒரு நிறுவனம் விற்கும் புதிய கார்களின் சராசரி கரியமில வாயுவை 2015-க்குள் கிலோமீட்டருக்கு 130 கிராமாகவும், அதன்பின் 95 கிராமாகவும் குறைக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் விதித்தது. அந்தக் காலத்தில்தான் ஃபெராரி தன் 4.5 லிட்டர் என்ஜினை விட்டு, 2015-இல் 488 ஜிடிபி காரில் இரட்டை டர்போ கொண்ட 3.9 லிட்டர் என்ஜினுக்கு மாறியது. மறு ஆண்டு போர்ஷே, பாக்ஸ்டர், கேமன் கார்களின் ஆறு சிலிண்டரைக் கழற்றிவிட்டு நான்கு சிலிண்டர் டர்போவை வைத்தது. மெர்சிடிஸ் ஏஎம்ஜி 2022-இல் சி63 காரின் எட்டு சிலிண்டருக்குப் பதில் 2 லிட்டர் டர்போவும் மின்மோட்டாரும் கொடுக்க, வண்டியின் எடை 2100 கிலோவைத் தாண்டிவிட்டது. சிறிய என்ஜினிலிருந்து அதிகக் குதிரைத்திறன் எடுத்த அந்தப் பொறியியலை நான் மதிக்கிறேன். அந்த என்ஜின்கள் எந்த ஓட்டத்துக்காக வடிவமைக்கப்பட்டன என்பதே என் கவலை.

அப்போதைய ஐரோப்பியச் சோதனை, ஆய்வகத்தில் சுழலும் உருளைகளின் மேல் வண்டியை நிறுத்தி, ஏறத்தாழ 20 நிமிடம், 11 கிலோமீட்டர் மெதுவாக ஓட்டிப் பார்ப்பதுதான். அந்த ஓட்டத்தில் டர்போவுக்குப் பெரிதாக வேலையில்லை. சிறிய என்ஜின் குறைவாகவே பெட்ரோல் குடிக்கும். ஏற்காட்டுச் சாலையின் கதை வேறு. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் வேகம் செத்து, இரண்டாவது கியரில் ஆக்சிலேட்டரை அழுத்தி வண்டியை மீண்டும் இழுக்க வேண்டும். குடும்பமும் சாமான்களுமாக நிறைந்த ஒரு சிறிய டர்போ காரில், என்ஜின் கணினியின் அளவுகளைக் காட்டும் ஸ்கேனரைச் செருகி, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். சமதளத்தில் பெட்ரோலுக்கும் காற்றுக்குமான விகிதம் 1:14.7 என்ற சரியான அளவில் அசையாமல் நிற்கிறது. வளைவைக் கடந்து ஏற்றத்தில் அழுத்தியதும், டர்போவும், புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் சூட்டில் கெட்டுவிடாமல் இருப்பதற்காகவே கணினி கூடுதல் பெட்ரோலை உள்ளே தள்ளுகிறது. எரிய வேண்டிய பெட்ரோலைக் குளிர்விக்கச் செலவழிக்கும் முறை இது. அந்த நேரத்தில் கன்வெர்ட்டருக்குப் போதிய ஆக்சிஜன் கிடைக்காததால், கார்பன் மோனாக்சைடு அப்படியே வெளியே வருகிறது. காப்பித் தோட்டங்களில் வேலை செய்பவர்களும் சாலையோரம் கடை போட்டிருப்பவர்களும் அதைச் சுவாசிக்கிறார்கள்.

ஐரோப்பா 2017 முதல் சோதனையைக் கடுமையாக்கி, வண்டிகளைச் சாலையிலும் ஓட்டி அளக்கத் தொடங்கியது. அதன்பிறகு, 2020-இல், அதே போர்ஷே அதே கார்களின் ஜிடிஎஸ் வகையில் டர்போ இல்லாத 4 லிட்டர் ஆறு சிலிண்டர் என்ஜினைத் திரும்பக் கொண்டுவந்தது. துகள் வடிகட்டி உண்டு; சுமை குறைந்தால் ஒரு பக்கத்துச் சிலிண்டர்கள் ஓய்வெடுக்கும். கடுமையான விதிக்குள் பெரிய என்ஜினும் அடங்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா? ஆனால் அந்தச் சாலைச் சோதனைக்கும் ஒரு வரம்பு உண்டு: 100 கிலோமீட்டருக்கு மொத்த ஏற்றம் 1200 மீட்டருக்குள் இருக்க வேண்டும். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டருக்குள்ளேயே நாங்கள் அந்த உயரத்தை ஏறிவிடுகிறோம்.

நம் நாட்டில் 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 என்ற புகை விதி வந்தது. 2023 ஏப்ரல் முதல் சாலைச் சோதனையும் கட்டாயமானது. இரண்டையும் மனதார வரவேற்கிறேன். ஆயினும் வாங்குபவருக்குச் சொல்லப்படும் மைலேஜ், மணிக்கு 90 கிலோமீட்டரைத் தாண்டாத ஆய்வக ஓட்டத்திலிருந்து வருவதே. வரியோ சிசியைப் பார்க்கிறது. 4 மீட்டர் நீளத்துக்கும் 1200 சிசிக்கும் உட்பட்ட பெட்ரோல் காருக்கு 18 சதவீதம், மீறினால் 40 சதவீதம் என்று 2025 செப்டம்பர் முதல் ஜிஎஸ்டி வைத்திருக்கும்போது, 1.4 லிட்டரில் டர்போ இல்லாமல் நிதானமாக இழுக்கும் ஒரு சிறிய காரை எந்த நிறுவனம் இங்கே செய்ய முன்வரும்?

ஆகவே, ஒவ்வொரு புதிய மாடலையும் முழுச் சுமையோடு ஒரு மலைச்சாலையில் ஏற்றி, அப்போது செலவாகும் பெட்ரோலையும் வெளிவரும் கார்பன் மோனாக்சைடையும் அளந்து, ஆய்வக மைலேஜுக்குப் பக்கத்திலேயே வெளியிட உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். வரியைச் சிசியிலிருந்து விலக்கி, அளந்த புகையோடு இணைக்கும்படி ஜிஎஸ்டி மன்றத்துக்குப் பரிந்துரையுங்கள். அளவெடுக்க ஒரு சாலை வேண்டுமானால், எங்கள் ஏற்காட்டுச் சாலையைப் பரிசீலியுங்கள்.

இங்ஙனம்,
சேலத்துக் கார் பட்டறைக்காரர் ஒருவர்