‘நல்லா இருக்கார்’ என்று சொல்லாதே

அன்புள்ள வள்ளிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. முருங்கை இந்த வருஷம் காய்த்துத் தள்ளிவிட்டது, தெருவில் கொடுக்காத வீடு இல்லை. நீ போனை எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் நீலக் கோடு விழுகிறது, பதில் வருவதில்லை. ஷிப்மெண்ட் நேரம், வேலை கழுத்து மட்டும் இருக்கும் என்று அம்மாவிடம் நானே உனக்காகப் பேசிக்கொண்டிருக்கிறேன். சரி, எழுதியாவது பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். இதை உன் கம்பெனி விலாசத்துக்குப் போடுகிறேன். ஏன் வீட்டு விலாசத்துக்குப் போடவில்லை என்று உனக்குத் தெரியும்.

முதலில் காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். மாப்பிள்ளை விபத்தில் தலையில் அடிபட்டதற்கு நஷ்டஈடு கேட்டுப் போட்ட கேஸ், அடுத்த மாதம் இரண்டாவது சனிக்கிழமை, இரண்டு பக்கமும் பேசி முடித்துக்கொள்கிற மக்கள் நீதிமன்றத்துக்கு வருகிறது. 14 லட்சத்துக்கு முடித்துக்கொள்ளலாம் என்று இன்சூரன்ஸ்காரன் சொல்வதாக உங்கள் வக்கீல் என்னிடம் போனில் சொன்னார். நீயும் சரி என்று தலையாட்டியதாகச் சொன்னார். கையெழுத்துப் போடாதே. மாப்பிள்ளையையும் போட விடாதே. மனு அவர் பேரில் இருக்கிறது, வக்கீல் விரலால் காட்டிய இடத்தில் அவர் போட்டுவிடுவார். போட்டபின் அப்பீல் கிடையாது. மக்கள் நீதிமன்றத்தில் முடிந்தது முடிந்ததுதான். வேண்டாம் என்று சொன்னால் ஒன்றும் குடி முழுகாது, கேஸ் பழையபடி விபத்து நஷ்டஈட்டு டிரிபியூனலுக்கே திரும்பிப் போகும். இந்தப் பாதியை யாரும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். இருபது பர்சன்ட் கேட்கிற வக்கீலுக்கு இன்றைக்குக் கையில் வருகிற காசு பெரிதாகத்தான் தெரியும். ஜெயிப்பதில் பங்கு என்று பீஸ் பேசக்கூடாது என்பது பார் கவுன்சில் விதி. நடப்பது உனக்கே தெரியும்.

கணக்கை இங்கேயே போட்டுக் காட்டுகிறேன், நீ கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியவள். மாப்பிள்ளை சம்பளம் மாதம் 30,000. வருஷத்துக்கு 3,60,000. நாற்பது வயதுக்குள் இருப்பதால் சம்பளம் ஏறியிருக்கும் என்று 40 சதவீதம் கூட்டவேண்டும், ஆக 5,04,000. அடிபட்டபோது வயது 34. 31 முதல் 35 வரை உள்ளவர்களுக்குப் பெருக்க வேண்டியது 16. இது 2009இல் உச்ச நீதிமன்றம் போட்ட பட்டியல். பெருக்கினால் 80,64,000. மெடிக்கல் போர்டு 40 சதவீதம் ஊனம் என்று எழுதியிருக்கிறதே, அந்த 40ஐ அப்படியே வைத்தாலும் 32,25,600 வருகிறது. ஆஸ்பத்திரி பில், வலி, வேதனை எல்லாம் தனி. அவன் 14 தருகிறான்.

அந்த 40க்குக்கூட நாம் கட்டுப்பட வேண்டியதில்லை. உடம்பில் எத்தனை சதவீதம் போனது என்பது வேறு, சம்பாத்தியத்தில் எத்தனை சதவீதம் போனது என்பது வேறு என்று 2010இலேயே உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. இடது கை போன டிரைவருக்குப் பிழைப்பே போயிற்று, அதே கை போன குமாஸ்தாவுக்கு அப்படி இல்லை என்று அதிலேயே உதாரணம் இருக்கிறது. மாப்பிள்ளை மாதிரி, சரக்கு வாங்குகிற பையருடைய ஆர்டரை முடித்துக்கொடுக்கிற மெர்ச்சண்டைசருக்குக் கையும் காலும் எதற்கு? பையருடைய ஆர்டரை நினைவில் வைக்கவேண்டும், நாலு பேரிடம் தன்மையாகப் பேசவேண்டும். போனது அதுதானே. திரும்ப வேலைக்குப் போன இரண்டு மாதத்தில் ஒரே ஆர்டருக்கு இரண்டு தடவை துணி சொல்லிவிட்டு, மேனேஜரையும் கெட்ட வார்த்தை பேசிவிட்டு வந்தார். அதற்குக் கம்பெனியில் கொடுத்த கடிதத்தில் ‘சொந்த விருப்பத்தின் பேரில் விலகினார்’ என்று இருக்கிறது. அந்தக் கடிதத்தை மாற்றி வாங்கு. வேலை செய்ய முடியவில்லை, அதனால் நிறுத்தினோம் என்று உள்ளதை உள்ளபடி எழுதித் தரட்டும். முடிந்தால் அந்த மேனேஜரையே சாட்சிக்குக் கூப்பிடச் சொல்லு.

நீ செய்தது எதையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்த ராத்திரி, அடிபட்டது எப்படி என்று ஆஸ்பத்திரியில் பதிகிற ஏ.ஆர். காப்பியில் ‘தானாக வண்டியிலிருந்து விழுந்தார்’ என்று எழுதப் போன டியூட்டி டாக்டரிடம், ‘இல்லை, வேன் இடித்தது, நம்பர் இதோ’ என்று ஆட்டோக்காரரை முன்னால் இழுத்து நிறுத்தினாயே, அது ஒன்றுக்கே கேஸில் பாதி ஜெயித்தாயிற்று. மண்டை ஓட்டுத் துண்டை எடுத்து வயிற்றுத் தோலுக்கு அடியில் வைத்துத் தைத்திருக்கிறோம் என்று டாக்டர் சொன்னபோது நான் போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். நீ நின்றபடியே, ‘திரும்ப எப்போது வைப்பீர்கள்’ என்று கேட்டாய். மூன்று மாதம் அந்தத் தலையின் பள்ளத்தில் கை பட்டுவிடாமல் குளிப்பாட்டினாய். அம்மா இன்றைக்கும் எல்லோரிடமும் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஆனால் வள்ளி, போன தடவை வந்தபோது நீ விட்டுப்போன ஃபைலை முழுக்கப் படித்தேன். ஓ.பி. சீட்டு ஒன்பது இருக்கிறது. ஒன்பதிலும் ‘புதிதாகக் குறை எதுவும் இல்லை’ என்று ஒரே வரிதான். டாக்டர் கேட்டிருப்பார், நீ ‘நல்லா இருக்கார் டாக்டர்’ என்று சொல்லியிருப்பாய். கோமதி அத்தைக்குப் பேத்தி என்பதை இதிலெல்லாம் காட்டவேண்டாம். அத்தையும் கடைசி வரைக்கும் நல்லா இருக்கேன் என்றுதான் சொன்னாள். இன்சூரன்ஸ் வக்கீல் அந்த ஒன்பது சீட்டையும் வரிசையாக எடுத்துக் காட்டுவார். மாப்பிள்ளை டீக்கடையில் நின்று பேப்பர் படிப்பதை வீடியோ எடுத்தும் வைத்திருப்பார்கள். இதற்கென்று ஆள் வைப்பார்கள், நான் இன்சூரன்ஸ் கம்பெனியில் இருந்தபோது நாங்களும் வைத்திருக்கிறோம்.

ஆகவே அடுத்த ரெவ்யூவில் உள்ளதைச் சொல். முன்மண்டையில் அடிபட்டவருக்குக் கையும் காலும் பழையபடி வந்துவிடும், குணம் வராது. கோபத்துக்குக் கடிவாளம் இருக்காது, எதிரே நிற்பவர் அழுவதுகூட உறைக்காது. அவர் வேண்டுமென்று செய்வதில்லை என்பது எனக்குத் தெரியும். பெண் பார்க்க வந்த அன்றைக்கு, காபி ஆறிவிட்டது என்று அம்மா பதறினபோது, ‘ஆறின காபிதான் அத்தை எனக்குப் பிடிக்கும்’ என்று பொய் சொல்லிக் குடித்த பிள்ளை அவர். ஞாபகம், நிதானம், யோசனை எல்லாவற்றையும் அளக்கிற பரிசோதனை இருக்கிறது. பெங்களூரில் மூளை, மனநல ஆஸ்பத்திரியான நிம்ஹான்ஸில் செய்கிறார்கள், கோயம்புத்தூரிலும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் இருப்பார்கள். அந்த ரிப்போர்ட் இல்லாமல் கேஸை முடிக்க விடாதே. கையெழுத்துப் போடாதே. ஃபிட்ஸ் மாத்திரையையும் நிறுத்தாதே, அவர் வேண்டாம் என்று கத்தினாலும்.

இந்த வரைக்கும் எழுதிவிட்டு இரண்டு நாள் கடிதத்தை மடித்து வைத்திருந்தேன். எழுத வந்தது இது மட்டும் இல்லை.

நான் கம்பெனியில், வண்டி இடித்து அடிபட்டவர்கள் கேட்கிற நஷ்டஈட்டைப் பார்க்கிற டி.பி. (தேர்ட் பார்ட்டி) செக்‌ஷனில் இருந்த காலத்தில், 1997 என்று நினைவு, ஒரு தவசுப்பிள்ளை கேஸ் வந்தது. கல்லிடைக்குறிச்சிப் பக்கம். கல்யாண வீட்டுக்குச் சமைக்கிறவர். சைக்கிளில் போனவரை ஜீப் தட்டிவிட்டு, தலையில் அடி. மூன்று லட்சம் கேட்டிருந்தார். போர்டில் 15 சதவீதம்தான் கொடுத்திருந்தார்கள், வெளியே பார்க்க ஒரு குறையும் இல்லை. எங்கள் வக்கீலுக்குக் குறுக்கு விசாரணைக்கு நான்தான் குறிப்பு எழுதிக் கொடுத்தேன். பேர் கேளுங்கள், தேதி கேளுங்கள், அப்புறம் நூறு பேருக்குச் சாம்பார் என்றால் பருப்பு எவ்வளவு, புளி எவ்வளவு என்று கேளுங்கள், தொழில் மறந்துபோனதா இல்லையா என்று தெரிந்துவிடும் என்று எழுதினேன். அந்த மனுஷர் கூண்டில் நின்று பருப்பு, புளி, வெல்லம், பெருங்காயம் என்று கடகடவென்று ஒப்பித்தார். முகத்தில் அவ்வளவு சந்தோஷம், பரீட்சையில் பாஸான பையன் மாதிரி. ஜட்ஜே சிரித்துவிட்டார். பழசெல்லாம் மனசில் நிற்கும், காலையில் உப்புப் போட்டோமா என்பதுதான் நிற்காது என்பது அந்த ஹாலில் இருந்த ஒருத்தருக்கும் தோன்றவில்லை. 42,000 ரூபாயோடு முடிந்தது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டுக் கை கொடுத்தார்.

தீர்ப்புக்கு முன்னால் ஒரு நாள், வராந்தாவில் அவர் சம்சாரம் வயர் கூடையோடு நின்றுகொண்டிருந்தது. யாரோ என்னைக் காட்டியிருக்கிறார்கள். கிட்டே வந்து, ‘சார், அவருக்கு வாசனையே தெரியலை சார். குழம்பு அடிப்பிடிச்சாலும் தெரியலை. ஒருத்தரும் கூப்பிட மாட்டேங்காங்க. சொன்னா அடுப்புல இருக்கிறதைத் தூக்கி’ என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் தோல் சுருங்கி, வெந்து ஆறின தடம். நான் அந்தக் கையைப் பார்த்தேன். ‘உங்க வக்கீல்கிட்டச் சொல்லுங்கம்மா’ என்று சொல்லிவிட்டு ஃபைலைப் பிரித்துக்கொண்டேன். அந்த அம்மாவை அவர்கள் வக்கீல் சாட்சிக்குக் கூப்பிடவே இல்லை. கூப்பிட்டிருந்தால் எங்கள் கேஸ் நின்றிருக்காது என்று எனக்கு அன்றைக்கே தெரியும். ராத்திரி சாப்பிட்டேன், தூங்கினேன். நீ அப்போது ஏழு வயது.

பென்ஷன் வாங்கி இத்தனை வருஷத்தில் இதை யாரிடமும் சொன்னதில்லை. அம்மாவுக்கும் தெரியாது.

போன மே மாதம் நீ வந்தபோது, பாளையங்கோட்டை வெயிலில், முழுக்கைச் சட்டையோடு நாலு நாள் இருந்தாய். கிணற்றடியில் பாத்திரம் தேய்க்கும்போது கையை மடக்கிவிட்டிருந்தாய், என்னைப் பார்த்ததும் இறக்கிவிட்டாய். நான் செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டேன். வராந்தாவில் ஃபைலைப் பிரித்த அதே ஆள்தான்.

அதனால் இப்போது கேட்கிறேன். நேராகக் கேட்க வாய் வரவில்லை, எழுதிக் கேட்கிறேன். ஒரு நோட்டு வாங்கு. தேதி போட்டு, வீட்டில் நடப்பதை எழுது. பாலை அடுப்பில் வைத்துவிட்டு வெளியே போனது, கதிர் சத்தம் போட்டான் என்று தட்டைத் தூக்கி எறிந்தது, உன் கை, எல்லாம். கோர்ட்டில் நீயும் சாட்சி சொல்லவேண்டும். அவரைக் காட்டிக்கொடுப்பதாக நினைக்காதே. அவரைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று நாம் கேட்பதற்கு வேறு ஆதாரம் இல்லை. 2020இல் ஒரு கேஸ், பன்னிரண்டு வயதுப் பெண் பிள்ளை, தலையில் அடி. கூடவே இருந்து பார்த்துக்கொள்ள இரண்டு பேர், இருவருக்கும் சேர்த்து மாதம் பத்தாயிரம், வருஷத்துக்கு 1,20,000 என்று வைத்து, அதையும் 18ஆல் பெருக்கி, 21,60,000 அதற்கு மட்டும் உச்ச நீதிமன்றம் கொடுத்தது. ராத்திரி பகலாக நீ பார்க்கிறாயே, அது சும்மா என்று யார் சொன்னது? மனுவில் உன்னை நெக்ஸ்ட் ஃப்ரண்டாக, அதாவது அவருக்காகக் கேஸ் நடத்துகிறவளாக, சேர்க்க முடியுமா என்றும் வக்கீலிடம் கேள்.

இன்னொன்று. கேஸ் முடியும் வரைக்கும் பொறுத்துக்கொள் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. நீயும் கதிரும் இங்கே வந்து இருந்தால் கேஸ் கெட்டுப்போகாது. மாப்பிள்ளையோடு நான் வந்து இருக்கிறேன். எனக்கு என்ன வேலை இருக்கிறது? என் மேல் தட்டை எறிந்தால் எறியட்டும்.

வெள்ளிக்கிழமை நாகர்கோவில்–கோயம்புத்தூர் ராத்திரி வண்டியில் ஏறி சனி காலையில் வருகிறேன். வேண்டாம் என்று மெசேஜ் போட்டாலும் வருவேன், டிக்கெட் போட்டாயிற்று. கம்பெனிக் கடிதம், ஒன்பது ஓ.பி. சீட்டு, பாங்க் பாஸ்புக் மூன்றையும் எடுத்து வை. அதற்குள் வக்கீல் கூப்பிட்டால் அப்பா வந்து பேசுவார் என்று மட்டும் சொல். கையெழுத்து வேண்டாம்.

அம்மா உனக்குச் சேலையும் ஜாக்கெட் துணியும் எடுத்து வைத்திருக்கிறாள். கை முழுசாக வைக்கவா, பழையபடி அரைக்கையா என்று உன்னைக் கேட்டு எழுதச் சொன்னாள். அவளும் பார்த்திருக்கிறாள் போல.

இப்படிக்கு,
அப்பா