காதல் பாட்டின் பின்னால் ஆள் தேடுகிறவர்களுக்கு

பாடலாசிரியர்களைப் பேட்டி காணும் நண்பர்களே,

வணக்கம். மெட்டு, சந்தம், பல்லவி பிறந்த கதை எல்லாம் பேசி முடித்து, எதிரில் இருப்பவர் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்ததும் நீங்கள் தவறாமல் எடுக்கிற கேள்வி ஒன்று உண்டு: "அந்தப் பாட்டு யாரை நினைச்சு எழுதினது?" சிரித்துக்கொண்டுதான் கேட்கிறீர்கள். அவரும் சிரித்து மழுப்புவார். முன்னோட்டத்தில் அந்தச் சிரிப்பைத்தான் போடுவீர்கள்.

அந்தக் கேள்வியை விட்டுவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். பாட்டெழுதுகிற எங்களில் பலர் காதல் பாட்டை விட்டு ஒதுங்குவதற்கு, நான் பார்த்தவரை, அதுதான் முதல் காரணம்.

வேறு காரணங்கள் இல்லாமல் இல்லை. நிலவும் விழியும் கனவும் தேய்ந்து கிடக்கின்றன. மெட்டு முதலில் வந்துவிட்டால், 'தானன' என்ற இடத்தில் 'கண்மணி' தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். எழுப்பி அனுப்புவது பெரும்பாடு. காதலையே எழுதுகிறவன் என்ற இளக்காரமும் உண்டு. பீட்டில்ஸ் குழுவில் இருந்த பால் மெக்கார்ட்னி அந்த இளக்காரத்துக்கு 1976இல் இன்னொரு காதல் பாட்டாலேயே பதில் சொன்னார். அது அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. ஆக, இளக்காரத்தைச் சமாளிக்கலாம். தேய்ந்த சொல்லையும் மெனக்கெட்டால் மாற்றலாம். உங்கள் கேள்விதான் பேனாவை எடுக்கும் முன்பே வந்து நிற்கிறது.

இந்தச் சிக்கலை நம் முன்னோர் எப்போதோ கண்டுகொண்டார்கள். காதலைப் பாடும் அகத்திணையில் ஒருவரையும் பெயர் சுட்டிப் பாடக்கூடாது என்று தொல்காப்பியம் விதித்தது. தலைவன், தலைவி, தோழி, செவிலி, அவ்வளவுதான். விதி எவ்வளவு கண்டிப்பானது என்பதற்குச் சங்கப் பாட்டான நெடுநல்வாடையே சாட்சி. மழையும் வாடையும் அடிக்கிற இரவு. அரண்மனையில் பிரிவால் வாடும் அரசி. பாசறையில் தூங்காமல் புண்பட்ட வீரர்களைப் பார்த்து வரும் அரசன். கூடவே வருகிறவனின் வேலில் வேப்பந்தழை கட்டியிருக்கிறது என்று நக்கீரர் எழுதிவிட்டார். வேம்பு பாண்டியனின் அடையாளம். ஆள் இன்னாரென்று தெரிந்துவிட்டது, எனவே இது அகம் ஆகாது, போரையும் அரசரையும் பாடும் புறம் என்று உரையாசிரியர் நச்சினார்க்கினியர் முடிவு கட்டினார். பெயரைக்கூடச் சொல்லவில்லை, ஒரு தழை!

அந்த விதி புலவனைக் கட்டிப்போட்டது என்று சிலர் நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கபிலர் தலைவியாகப் பேசினார், தோழியாகப் பேசினார். "உங்களுக்கு இப்படி நடந்ததா?" என்று அவரை யாரும் மடக்கவில்லை. (மடக்கியிருக்கலாம், ஏட்டில் ஏறவில்லை.) அதே கபிலர் பாரியைப் பாடும்போது பெயரும் ஊரும் துயரமும் வெளிப்படையாக இருக்கும். எங்கே பெயர் சொல்லலாம், எங்கே கூடாது என்பது கேட்கிறவருக்கும் தெரிந்திருந்ததால், பாடுகிறவர் துணிந்து பாடினார்.

இப்போது என்ன நடக்கிறது? அமெரிக்கப் பாடகி கார்லி சைமன் 1972இல், தன்மேல் தானே மயங்கிக் கிடக்கும் ஓர் ஆணைக் கிண்டல் செய்து ஒரு பாட்டு வெளியிட்டார். அந்த ஆள் யார் என்று பல பத்தாண்டுகள் துப்பறிந்தார்கள். 2003இல் அந்த ரகசியமே தொண்டு ஏலத்தில் 50,000 டாலருக்குப் போனது. 2015இல் அவர், இரண்டாவது சரணம் மட்டும் நடிகர் வாரன் பீட்டியைப் பற்றியது என்றார். ஒரு சரணம்! உண்மையில் பாட்டு அப்படித்தான் உருவாகிறது. பல்லவி ஒருவரிடமிருந்து வரும். சரணத்தின் முதல் அடி பக்கத்து இருக்கைக்காரரின் தொலைபேசிப் பேச்சிலிருந்து வரும். மூன்றாவது அடியில் மழை பெய்வது எதுகைக்காக. யாரை நினைத்து எழுதினீர்கள் என்றால் எந்தப் பெயரைச் சொன்னாலும் பொய். யாருமில்லை என்றாலோ மழுப்பல் என்கிறீர்கள்.

ரகசியத்தை ஏலம் விடுகிறவர்களும் எங்களில் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. அதில் அகப்படுகிற இன்னொருவரைத்தான் நினைக்கிறேன். ஃப்ளீட்வுட் மேக் என்ற ராக் இசைக்குழுவில் லிண்ட்சே பக்கிங்காம் எழுதிய பிரிவுப் பாட்டில் தன்னைப் பற்றி வந்த ஒரு வரி உண்மையல்ல என்று, அவரைப் பிரிந்த காதலியும் அதே குழுவின் பாடகியுமான ஸ்டீவி நிக்ஸ் எதிர்த்தார். வரி நீங்கவில்லை. அதே பாட்டுக்கு அவர் பின்குரல் பாட வேண்டியிருந்தது. அவருக்காவது மேடையும் மைக்கும் இருந்தன, பதிலுக்குப் பாட்டெழுதவும் தெரியும். பாட்டெழுதாத ஒருவர், எப்போதோ ஒரு பாடலாசிரியரோடு பழகியவர், இன்று வேறு குடும்பத்தில் இருப்பவர், என்ன செய்வார்? உங்கள் நிகழ்ச்சிக்குக் கீழே முகம் தெரியாதவர்கள் அவரைத் தேடத் தொடங்குகிறார்கள்.

அதனால் நாங்கள் வெட்டுகிறோம். பேசும்போது கடைசிச் சொல்லை விழுங்குகிறவள், கோபம் வந்தால் செருப்பை நேராக அடுக்குகிறவன் என்று ஒரு வரி அமைந்துவிட்டால் பாட்டு நிமிர்ந்துவிடும். ஆனால் ஆளும் தெரிந்துவிடும். எனவே அந்த வரி போகிறது, அது இருந்த இடத்துக்கு நிலவு வருகிறது. சிலர் மொத்தமாகவே விலகி அம்மா, நட்பு, கடவுள், புரட்சி என்று போய்விடுகிறார்கள். அந்தப் பாட்டுகள் வேண்டியவைதான். ஆனால் ஒளிந்துகொள்ளப் போகிற இடமாக அவை ஆகக்கூடாது. பிறகு நீங்களே கேட்கிறீர்கள்: "இப்ப வர்ற காதல் பாட்டெல்லாம் ஏன் ஒரே மாதிரி இருக்கு?" முந்தைய கேள்விதான் இதற்குப் பதில்.

கேட்க விஷயமா இல்லை? பாட்டில் பேசுவது யார், யாரிடம், கேட்பவர் எதிரில் இருக்கிறாரா, போய்விட்டாரா? ஆண் எழுதிய பெண் குரல் எங்கே பிசிறடிக்கிறது? எந்த வரியை வெட்டினீர்கள், மெட்டுக்காகவா, பயத்துக்காகவா? இந்தக் கடைசிக் கேள்வியோடு யாராவது வந்தால் வெட்டிய வரிகள் இருக்கும் நோட்டையே எடுத்து வருகிறேன். பெயர்களை மட்டும் கேட்காதீர்கள்.

இப்படிக்கு,
பாட்டெழுதுகிற ஒருவன்