உபயத்தால் கழியுமா பாவம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செட்டிநாட்டுக் கோயில்களில் திருப்பணிகள் நடப்பது மகிழ்ச்சிக்குரியது. ஆனால், ஏழைகளிடம் அநியாய வட்டி வாங்கியவரும், உடன்பிறந்தாருக்குச் சேர வேண்டிய பங்கை மறைத்தவரும், வெளிச்சமே மங்கும்படி குழல்விளக்கின் மேல் 'உபயம்' என்று பெயர் எழுதி வைத்துவிட்டால் கணக்குத் தீர்ந்தது என்று நம்புவது பெரும் வேதனை தருகிறது. பர்மாவிலும் மலேயாவிலும் கடை வைத்த நகரத்தார், வரவில் ஒரு பகுதியை மகமை என்று ஒதுக்கிக் கோயிலுக்கும் அறத்துக்கும் கொடுத்தார்கள். அதைப் பாவத்துக்கான விலையாகக் கருதுவது தகாது.

சைவ சித்தாந்தம் ஆணவம், கன்மம், மாயை என உயிரைப் பிணிக்கும் மூன்று அழுக்குகளை மும்மலம் என்று கூறும். இவற்றுள் உயிரின் அறிவை மறைக்கும் ஆணவம், செம்பில் களிம்புபோல உயிரோடு அநாதியாகவே ஒட்டியிருப்பது. உயிர் தன் முயற்சியால் மட்டும் அதை நீக்கிக்கொள்ள இயலாது, இறைவன் திருவருளே நீக்க வேண்டும் என்பது அதன் துணிபு. கிறித்தவத்திலும் இக்கேள்வி எழுந்தது. பணத்துக்குப் பாவமன்னிப்புச் சீட்டு விற்கப்பட்டதை எதிர்த்து, 1517-இல் ஜெர்மனியில் கிறித்தவத் துறவி மார்ட்டின் லூதர் 95 கருத்துரைகளை முன்வைத்தார். வழிகள் வேறானாலும், மீட்பு இறைவனின் கொடை என்பதில் இரு நெறிகளும் நெருங்கி வருகின்றன.

அருள் கொடையென்றால் ஒழுக்கம் எதற்கு என்று சிலர் கேட்பர். அருளை உண்மையாக நாடுபவர், ஏமாற்றிப் பெற்றதை முதலில் உரியவரிடம் திருப்பிக் கொடுப்பார். கோயில் நிர்வாகத்தினர் உபயதாரர் பெயர்ப் பலகைகளைக் குறைத்து, வாரம் ஒரு நாளாவது சித்தாந்த வகுப்பு நடத்த வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர், காரைக்குடி