தீயணைப்பு வீரர்களின் ஓய்வூதியமும் கண்காணிப்பும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கிலாந்தில் தீயணைப்பு வீரர்களின் ஓய்வூதியத்தை நிர்வகிக்கும் பொறுப்பு அந்தந்தப் பகுதித் தீயணைப்பு ஆணையத்துடையது. அதற்குத் துணையாக, 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வீரர்கள் தரப்பும் நிர்வாகத் தரப்பும் சம எண்ணிக்கையில் அமரும் ஓய்வூதிய வாரியம் 2015 முதல் இயங்குகிறது.

2015-இல் புதிய ஓய்வூதியத் திட்டம் வந்தபோது மூத்தவர்களை மட்டும் பழைய திட்டத்தில் நீடிக்கவிட்டது வயதுப் பாகுபாடு என மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018 டிசம்பரில் தீர்ப்பளித்ததை அடுத்து, 2015 முதல் 2022 வரையிலான பணிக்காலத்துக்கு எந்தத் திட்டம் வேண்டும் என்று பாதிக்கப்பட்டவர்களே தேர்ந்தெடுக்கும் உரிமை 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. எந்தத் திட்டத்தில் எவ்வளவு கிடைக்கும் என்று காட்டி ஆணையங்கள் அனுப்பவேண்டிய கணக்கு அறிக்கைகளுக்குப் பொதுவான கெடு 2025 மார்ச் 31. ஓய்வு பெற்ற தீயணைப்பு வீரரான என் பக்கத்து வீட்டுக்காரர், கெடு கழிந்தும் அறிக்கை வராமல், விசாரித்துப் பேசிய தேதிகளையெல்லாம் சமையலறை நாட்காட்டியில் பென்சிலால் வட்டமிட்டு வைத்திருந்தார். ஒவ்வொரு முறையும் 'பரிசீலனையில் உள்ளது' என்பதுதான் பதில்.

ஆணையத்துக்கு உத்தரவிடும் அதிகாரம் வாரியத்துக்கு இல்லை என்பது உண்மையே. ஆயினும் முக்கியமான சட்டமீறல்களை ஓய்வூதிய ஒழுங்குமுறை அமைப்புக்குத் தெரிவிக்கும் கடமை அதன் உறுப்பினர்களுக்கும் உண்டு. (தேநீரோடு கலைகிற கூட்டங்களில் இது நினைவுக்கு வருவதில்லை போலும்.) நிலுவையிலுள்ள அறிக்கைகளின் எண்ணிக்கையையும் தாமதத்தின் காரணத்தையும் ஒவ்வொரு கூட்டக் குறிப்பிலும் வாரியங்கள் வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், லண்டன்